வெயிலில் வெந்த சோறு

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. அவருடைய நினைவு நாளுக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கையின் வணக்கம். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. கரண்டி பிடித்த கை இது. என் மகள் மீராவுக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. என் கணவர் எழுதினால் அலுவலகக் கடிதம் மாதிரி இருக்கும். வேறு வழியில்லாமல் நானே உட்கார்ந்தேன்.

அக்கா பொறுமையானவர், நேர்மையானவர், யாரையும் கடிந்து பேசாதவர். இதெல்லாம் உங்களுக்கே தெரியும். உங்களில் பலருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். என் வாழ்க்கையில் அதிசயம் என்று ஒன்றைப் பார்த்தேன் என்றால், அதை அக்காவோடுதான் பார்த்தேன். எங்கள் கட்டடத்து மொட்டைமாடியில், ஒரு அட்டைப்பெட்டிக்குள் பார்த்தேன்.

அக்கா பிறந்தது தீப்பெட்டிக்குப் பேர்போன குடியாத்தத்தில். எங்கள் அம்மாவே கல்யாணத்துக்கு முன் தீப்பெட்டி ஒட்டியவர்தான். அப்பாவுக்கு ராணுவ டிப்போ ஒன்றில் ஸ்டோர் கிளார்க் வேலை கிடைத்து, அக்காவுக்கு மூன்று வயதாகும்போது குடும்பம் புனேக்கு வந்தது. நான் இங்கே பிறந்தவள். எங்கள் இருவருக்கும் ஆறு வயது வித்தியாசம்.

அக்காவுக்குப் பத்து வயதில் அது நடந்தது. அம்மா ரேஷன் கடை வரிசையில் நின்றிருந்தார். நான்கு வயதான நான் பாலுக்கு அழுதேனாம். எனக்குப் பால் காய்ச்சித் தருவதற்காக அக்கா மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பற்ற வைத்தார். அது வெடித்தது. பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அம்மாள் ஓடி வந்து கோணிப்பையைப் போட்டு அணைத்தார். இடது கையும் கழுத்தின் ஒரு பக்கமும் வெந்து போயின. மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தார். எனக்கு எதுவும் நினைவில்லை, எல்லாம் சொல்லிக் கேட்டதுதான்.

அதன் பிறகு அக்கா நெருப்புப் பக்கம் போனதில்லை. பயம் என்றால் சாதாரணப் பயம் இல்லை. யாராவது தீக்குச்சி உரசினால் அறையை விட்டு வெளியே போய்விடுவார். கோயிலில் கற்பூரம் காட்டும்போது தூணுக்குப் பின்னால் நிற்பார். தீபாவளி அன்று ஜன்னலையெல்லாம் சாத்திக்கொள்வார். எங்கள் வீட்டுச் சாமி விளக்கைக்கூட அக்கா குளிக்கப் போன நேரம் பார்த்துத்தான் ஏற்றுவேன். இண்டக்‌ஷன் அடுப்பு வந்ததும், இதில் தீயே இல்லையே என்று ஆசை ஆசையாக ஒன்று வாங்கி வைத்தோம். பட்டனைத் தொட்டதும் அது ஒலி எழுப்பியது. அக்கா இரண்டடி பின்னால் போனார். "எரியறது தெரிஞ்சாலாவது தள்ளி நிக்கலாம். இது எங்க இருக்குதுன்னே தெரியலியேடி" என்றார்.

பெண் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் கையைப் பார்த்தார்கள். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாத ஓரிரு நல்லவர்களும் வந்தார்கள். அவர்களிடம் அக்கா, "எனக்குச் சமைக்க வராது, அடுப்புப் பத்த வெக்க மாட்டேன்" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். மறைத்துக் கட்டிக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை. எனக்குப் பதினைந்து வயதாகும்போது அம்மா தவறிவிட்டார். அன்றிலிருந்து அடுப்படி என்னுடையது. எனக்குக் கல்யாணமானபோது என் கணவர் சொன்ன முதல் வார்த்தை, "உங்க அக்கா நம்மகூடத்தான் இருக்கணும்" என்பது. அவர் மேல் எனக்கு எத்தனையோ குறை உண்டு. அந்த ஒரு வார்த்தைக்காக அத்தனையும் தள்ளுபடி.

ஹடப்சரில் ஒரு கம்பெனியில் அக்காவுக்கு இன்ஸ்பெக்‌ஷன் வேலை. எந்திரத்துக்கான இரும்புப் பாகங்கள் அளவு சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கும் வேலை. மைக்ரோமீட்டரை வைத்துக்கொண்டு தலைமுடியில் பாதி அளவு தப்பிருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். வீட்டுக்கு வந்தால் நான் நறுக்கிய பீன்ஸைப் பார்த்து, "இது ஒரு சைஸ், அது ஒரு சைஸ்" என்பார். "அளந்து போட இது என்ன கம்பெனியா? வாயை மூடிகினு சாப்பிடு" என்பேன். இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தார். அப்புறம் இருதயம் பலவீனமாகி, மூச்சு வாங்கத் தொடங்கி, வேலையை விட்டார்.

வீட்டில் சும்மா இருப்பது அவருக்குத் தண்டனையாகிவிட்டது. வானவடியில் எங்கள் பிளாட்டின் பால்கனியில் உட்கார்ந்து போகிற வருகிற ஸ்கூட்டர்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். அப்படி இருக்கும்போதுதான் மீராவும், மூன்றாவது மாடிச் சானிகாவும், சானிகாவின் தம்பி ஓமும் ஒரு நாள் அட்டைப்பெட்டியோடு வந்தார்கள். பெண்கள் இருவருக்கும் பன்னிரண்டு வயது, ஓமுக்கு எட்டு. பள்ளியில் சோலார் குக்கர் செய்துவரச் சொல்லியிருந்தார்கள். பெட்டியை நேராக வெட்டித் தர ஆள் வேண்டும். மீரா பெரியம்மாவின் ஸ்கேலைக் கேட்டாள்.

அக்கா ஸ்கேலை எடுத்துக் கொடுத்துவிட்டு, "என்னா அது?" என்று கேட்டார்.

மீரா தனக்குத் தெரிந்த தமிழில் விளக்கினாள். "தூப் இருக்குல்ல பெரியம்மா, வெயில், அது உள்ள வரும். வெளிய போகாது. உள்ள சாவல், அரிசி வெச்சா பக் ஆயிடும்... வெந்துடும்."

"நெருப்பு?"

கேள்வி சானிகாவுக்கே புரிந்துவிட்டது. "ஆக் நஹீ ஹை மௌசி! பில்குல் நஹீ!" என்று இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். நெருப்பே கிடையாதாம். நான் அடுக்களையில் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டேன். அக்கா நாற்காலியிலிருந்து எழுந்து போய்த் தரையில் அந்தக் குழந்தைகளோடு உட்கார்ந்தார். டாக்டர் தரையில் உட்காரக் கூடாது என்று சொல்லியிருந்தார்.

பெரிய பெட்டிக்குள் சின்னப் பெட்டி. இரண்டுக்கும் நடுவில் மராத்திப் பேப்பரைக் கசக்கித் திணித்தார்கள். உள்ளே கறுப்புக் காகிதம், மேலே பழைய ஷோகேஸ் கதவின் கண்ணாடி. மூடிக்கு உள்பக்கம் அலுமினியத் தாள் ஒட்டி, அதைச் சாய்த்து நிறுத்தினால் வெயில் பெட்டிக்குள் விழும். எந்தக் கோணத்தில் சாய்ப்பது என்று அக்கா நூல் பிடித்துப் பார்த்தார். பெட்டி சூரியனுக்கு நேராக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? விளிம்பில் ஒரு ஆணியை நிமிர்த்திக் குத்தினால் போதும், ஆணியின் நிழல் காணாமல் போகும் வரை பெட்டியைத் திருப்பலாம் என்று சொன்னது எட்டு வயது ஓம். "கம்பெனில இவன மாதிரி ஒரு ஆள் இருந்திருந்தா!" என்று அக்கா வியந்துபோனார். பள்ளியில் காட்டி மார்க் வாங்கியாயிற்று. அதோடு அது குப்பைக்குப் போகும் என்று நினைத்தேன். அக்கா விடவில்லை. அதில் நிஜமாகவே சமைக்க வேண்டும் என்றார்.

முதல் ஞாயிறு என்னுடைய எவர்சில்வர் பாத்திரத்தில் அரிசி வைத்தார்கள். நான்கு மணி நேரம் கழித்துப் பார்த்தால், வெந்நீரில் ஊறிய அரிசி. பளபளப்பான பாத்திரம் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடுகிறது, கறுப்பாக இருந்தால்தான் சூட்டை இழுக்கும் என்று சானிகா எங்கோ படித்து வந்தாள். பாத்திரத்துக்கு வெளிப்பக்கம் கரும்பலகைக்கு அடிக்கும் பெயிண்டைப் பூசிக் காய வைத்தார்கள்.

சனிக்கிழமை அது என் கண்ணில் பட்டது. நம் வீடுகளில் பாத்திரத்தில் கரி ஏறியிருந்தால் அது வீட்டுப் பெண்ணின் மேல் ஏறிய கரி மாதிரி. யோசிக்கவே இல்லை. புளியும் கம்பி நாரும் போட்டுத் தேய்த்துக் கண்ணாடியாக்கிக் கவிழ்த்து வைத்தேன். மறுநாள் காலை ஓம் அதைப் பார்த்துவிட்டு அழுத அழுகை கட்டடத்துக்கே கேட்டது. நான் மன்னிப்புக் கேட்டேன். மறுபடி பூசினார்கள்.

அடுத்த சனிக்கிழமை மறுபடி தேய்த்தேன்.

இதை அக்கா இருக்கும்போதே அவரிடம் ஒப்புக்கொண்டுவிட்டேன், இப்போது உங்களிடமும் சொல்கிறேன். முதல் தடவை பழக்கம். இரண்டாவது தடவை பொறாமை. அக்கா எனக்காக வெந்தவர். பதிலுக்கு நான் செய்ய முடிந்ததெல்லாம் அவருக்கு மூன்று வேளை சோறு போடுவதுதான். அதையும் ஒரு அட்டைப்பெட்டி வந்து பிடுங்கிக்கொண்டால் எனக்கு என்ன மிச்சம்? இப்படியெல்லாம் தெளிவாக நினைத்துக்கொண்டு தேய்க்கவில்லை. ஆனால் தேய்க்கும்போது கையில் ஒரு கோபம் இருந்தது எனக்குத் தெரியும்.

அக்கா பளபளக்கும் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அடுக்களை வாசலில் வந்து நின்றார். அடுப்பு எரிந்தால் அவர் வாசலைத் தாண்டமாட்டார். நான் அடுப்பை அணைத்தேன்.

"ஏன்டி இப்பிடிப் பண்ண?"

"கைப்பழக்கம்க்கா. கறுப்பா இருந்தா தேய்க்காம இருக்க முடியல."

"போன வாரம் பழக்கம். இந்த வாரம்?"

நான் துணியை எடுத்து, அணைத்த அடுப்பைத் துடைக்கத் தொடங்கினேன்.

"உன் சோறு வாணாம்னா நான் இத செய்யறேன்? பதினஞ்சு வயசுலருந்து நீ ஆக்கிப் போட்டுகினே இருக்க. ஒரு வேள, ஒரே ஒரு வேள, நான் ஆக்கி நீ சாப்டணும். அவ்ளோதான்டி எனக்கு. டாக்டர் சொன்னது உனக்கும் தெரியும். இன்னும் ரெண்டு வாரத்துல மழ வந்துடும். அப்புறம் அக்டோபர் வரிக்கும் வெயில் கெடயாது. அதுவரிக்கும் நான் இருப்பனோ இல்லியோ."

அன்றே நான் கடைக்குப் போய்ப் பெயிண்ட் டப்பா வாங்கி வந்து, அந்தப் பாத்திரத்துக்கும் இன்னொன்றுக்கும் மூடிகளுக்கும் நானே என் கையால் இரண்டு பூச்சுப் பூசினேன். காய்ந்ததும் ஓம் அவற்றைத் தன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டான். என் மேல் அவனுக்கு நம்பிக்கை இல்லை. நியாயம்தான்.

மே மாதக் கடைசி ஞாயிறு. காலை பத்து மணிக்கு மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி ஓரமாகப் பெட்டியை வைத்தார்கள். ஒரு பாத்திரத்தில் அரிசி, இன்னொன்றில் ஊற வைத்த துவரம் பருப்பும் தக்காளியும் கத்திரிக்காயும். கத்திரிக்காயை அக்காதான் நறுக்கினார். ஸ்கேல் வைத்து வெட்டியது போல எல்லாம் ஒரே அளவு. படி ஏற முடியாமல் மூன்று இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து வந்திருந்தார். நான் குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். அரை மணிக்கு ஒரு தடவை ஆணியின் நிழலைப் பார்த்துக் குழந்தைகள் பெட்டியைத் திருப்பினார்கள்.

பன்னிரண்டு மணிக்கு மேகம் வந்தது. மழைக்கு முந்திய மேகம், கறுத்து, மேற்கிலிருந்து. ஆணியின் நிழல் மங்கிப் போயிற்று. அக்கா வானத்தைப் பார்க்கவே இல்லை, பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். கம்பெனியில் தப்பான பாகம் வந்தால் இப்படித்தான் பார்த்திருப்பார். இன்றைக்கும் நடக்காவிட்டால் இன்னொரு ஞாயிறு கிடைக்குமா என்று எல்லாத் தெய்வத்தையும் கூப்பிட்டேன். இருபது நிமிஷம் இருக்கும். மேகம் விலகிச் சுளீரென்று வெயில் அடித்தது. வெயிலுக்காக நான் கை எடுத்துக் கும்பிட்டது வாழ்நாளில் அதுதான் முதல் முறை.

ஒரு மணிக்கு மேல் கண்ணாடியின் உள்பக்கம் வியர்த்தது. துளித் துளியாக நீர் கோத்து வழிந்தது. பிறகு பருப்புப் பாத்திரத்தின் மூடி லேசாக அசைந்தது. யாரும் தொடவில்லை. தீ இல்லை, புகை இல்லை, சத்தம் இல்லை. மூடி மறுபடி எழுந்து உட்கார்ந்தது, ஓரத்தில் நுரை எட்டிப் பார்த்தது.

"கொதிக்குதுடி!" என்றார் அக்கா. "பாருடி, கொதிக்குது!"

ஆயிரக்கணக்கான தடவை பாத்திரம் கொதித்துப் பார்த்தவள் நான். அன்றைக்குத்தான் முதல் முதலாகப் பார்த்த மாதிரி இருந்தது. அவ்வளவு தூரத்தில் இருக்கிற சூரியன், எங்கள் கட்டடத்து மாடிக்கு வந்து, டி.வி. வந்த ஒரு பழைய அட்டைப்பெட்டிக்குள் புகுந்து, அரைப்படி அரிசியை வேக வைக்கிறது. இதற்கு என்ன பேர் சொல்வது? அக்கா துணியைச் சுற்றிக்கொண்டு, வெந்த தழும்பு இருந்த அதே கையால், கொதிக்கும் பாத்திரத்தைத் தூக்கி வெளியே வைத்தார். பின்வாங்கவில்லை. ஆவி முகத்தில் அடித்தும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. நாற்பத்தாறு வருஷம் கழித்து நான் பார்த்தேன் இதை.

மாடியிலேயே தட்டு வைத்து முதலில் எனக்குப் போட்டார். பருப்பில் தாளிப்பு இல்லை, எண்ணெய் காயுமளவுக்கு அந்தப் பெட்டியில் சூடு வராது. கடுகு தாளித்துக் கொண்டுவர என் கை துடித்தது. அடக்கிக்கொண்டேன். சோறு குழைந்து பூப்போல இருந்தது.

"எப்பிடிடி இருக்குது?"

"இன்னும் கொஞ்சம் போடுக்கா."

இரண்டாவது தடவையும் போட்டார். மூன்றாவது தடவையும் போட்டார். அன்றைக்கு நான் சாப்பிட்டதற்கு ராத்திரி வரை நிமிர முடியவில்லை.

மழை வந்தது, போனது. அக்கா இருந்தார். அக்டோபர் வெயிலில் பெட்டி மறுபடி மாடி ஏறியது. நிலக்கடலை வறுத்தார்கள், கேக் செய்தார்கள், சானிகாவின் அம்மாவுக்குப் பூரண்போளிப் பருப்பு வேக வைத்துக் கொடுத்தார்கள். கட்டடத்துக் குழந்தைகளுக்கு அவர் சூரிய மௌசி, சூரியப் பெரியம்மா ஆனார். டாக்டர் கொடுத்த கெடுவைத் தாண்டி, அந்த மே மாத ஞாயிறுக்குப் பிறகு ஒன்பது மாதம் இருந்தார். அந்த ஒன்பது மாதத்தில் நான் அக்கா சமைத்து எத்தனையோ வேளை சாப்பிட்டேன். பீன்ஸ் எல்லாம் ஒரே சைஸில் இருந்தது.

மாசி மாதத்தில் ஒரு விடிகாலை, தூக்கத்திலேயே அக்கா போய்விட்டார். ஆயுள் முழுக்கத் தீயைக் கண்டு நடுங்கியவருக்குக் கொள்ளி வைக்க என் கணவருக்கு மனம் வரவில்லை. மின்மயானத்துக்குக் கொண்டுபோனோம். அதைக் குறையாக நினைத்த பெரியவர்கள் மன்னிக்க வேண்டும்.

இனி நன்றி. அக்காவைத் தன் தாய்போலப் பார்த்துக்கொண்ட டாக்டர் அம்மாவுக்கும் நர்ஸ் பெண்களுக்கும், செய்தி கேட்டதும் லீவு போட்டு வந்து நின்ற கம்பெனித் தோழர்களுக்கும், குடியாத்தத்திலிருந்து ரயிலில் நின்றுகொண்டே வந்த சொந்தங்களுக்கும், வாய்விட்டு நன்றி சொல்லாத என்னை இத்தனை வருஷம் பொறுத்துக்கொண்ட என் கணவருக்கும் எங்கள் நன்றி உரியது. இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிச் சொல்ல அக்கா போன அன்றைய தினத்துக்குத்தான் போக வேண்டும்.

புனேக்குப் பக்கத்தில் சாகண் என்ற ஊரில் மகன் வீட்டில் இருக்கும் எங்கள் சித்தி காலையிலேயே வந்துவிட்டார். வந்ததும் அடுக்களைக்குப் போய், "இன்னிக்கு இந்த ஊட்ல அடுப்பு எரியக் கூடாது. சாப்பாடு வெளியில சொல்லிடுங்க" என்றார். நம் வழக்கம் அதுதான். நான் எதுவும் கேட்கும் நிலையில் இல்லை. சாப்பாட்டுக்குச் சொல்ல எல்லோரும் மறந்துவிட்டோம். மதியம் அக்காவை எடுத்துப் போனார்கள். வீட்டைக் கழுவிவிட்டோம். ஆண்கள் திரும்பி வந்து குளித்து முடிக்கும்போது மூன்றரை மணி. காலையிலிருந்து ஒருவர் வாயிலும் எதுவும் படவில்லை.

அப்போது மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. மீராவும் சானிகாவும் ஆளுக்கொரு கறுப்புப் பாத்திரத்தைத் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார்கள். ஓம் பின்னால் கரண்டியோடு வந்தான். மூடியைத் திறந்ததும் ஆவி பறந்தது. சோறும் பருப்பும்.

சித்தி பதறிப்போய், "சாவு ஊட்ல யாருடி ஒல வெச்சது?" என்றார்.

மீரா அழுது அழுது வீங்கிய முகத்தோடு நின்றாள். "அடுப்பு வெக்கல சித்திப்பாட்டி. நீங்க அடுப்புதான் கூடாதுன்னு சொன்னீங்க. பெரியம்மா டப்பாலதான் வெச்சோம். பத்து மணிலருந்து."

காலையிலிருந்து அந்தக் குழந்தைகள் எங்கே என்று யாருமே தேடவில்லை. கூடத்தில் நாங்கள் அழுதுகொண்டிருந்தபோது, அக்காவைத் தூக்கிப் போனபோது, அவர்கள் மேலே வெயிலில் உட்கார்ந்து அரை மணிக்கு ஒரு தடவை பெட்டியைத் திருப்பியிருக்கிறார்கள்.

சித்தி பாத்திரத்தைப் பார்த்தார். மீராவைப் பார்த்தார். சுவரோரமாக உட்கார்ந்து தட்டை நீட்டினார். "போடு கண்ணு" என்றார்.

சித்திக்குப் பிறகு எனக்குப் போட்டார்கள். ஒரு வாய் வைத்ததும் தெரிந்தது, உப்புப் போட மறந்திருந்தார்கள். சித்தி ஒன்றும் சொல்லவில்லை. என் கணவரும் சொல்லவில்லை. அடுத்தவர் சமையலில் குறை காணாமல் நான் எழுந்ததே கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும்.

சானிகா என் எதிரே மண்டியிட்டு உட்கார்ந்து, "டீக் ஹை, ஆன்ட்டி?" என்று, நன்றாக இருக்கிறதா என்று கேட்டாள்.

"இன்னும் கொஞ்சம் போடு" என்றேன்.

அந்த மூன்று குழந்தைகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.